கௌதாரிக்கு ஒரு காடு, ஆள்காட்டிக்கு ஒரு காடு

மூலனூர் வட்டாரத்தில் கொறங்காடு வைத்து ஆடும் மாடும் வளர்க்கும் பெண் விவசாயி ஒருவர், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: கொறங்காடு என்று அடிக்கடி சொல்கிறீர்கள். நகரத்தில் இருக்கும் எங்களுக்கு அது காடா, வயலா என்றே புரியவில்லை. கொஞ்சம் விளக்குங்கள் அம்மா.
– சென்னையிலிருந்து ஒரு வாசகி

பதில்: மேய்ச்சல் நிலம் தாயி. திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அந்தப் பக்கம் கரூர் மாவட்டத்தில் அரவக்குறிச்சி, க.பரமத்தி வரைக்கும் இதைப் பார்க்கலாம். மேற்கே மலை மழையை மறித்துக்கொள்வதால் ஆனி, ஆடியில் எங்களுக்குக் காற்றும் தூறலும்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் மழை. வருஷம் முழுக்கச் சேர்த்து 600 மில்லிமீட்டர் கண்டால் நல்ல வருஷம். மண் செஞ்சரளை. கொஞ்சம் தோண்டினால் கடப்பாரையில் சுண்ணாம்புக்கல் தட்டும். இந்த மண்ணை வருஷா வருஷம் உழுது விதைத்தால் கையில் ஒன்றும் நிற்காது என்று கண்ட பெரியவர்கள் அதைப் புல்லுக்கு விட்டார்கள். தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. அவரவர் பட்டா நிலத்தை இந்த வேலியால் நாலைந்து துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு படல், அதாவது தட்டிக்கதவு, வைத்து, மாற்றி மாற்றி மேய்ப்போம். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் உருவான மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைத் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததும் இப்படிப்பட்ட மேய்ச்சல் காடுகளில்தான்.

அரசாங்கக் கணக்கில் இதுபோன்ற முள்ளும் புல்லுமான நிலத்தைத் தரிசு என்று எழுதுகிறார்கள். தேசியத் தரிசுநில வரைபடத் தொகுப்பிலேயே புதர்நிலம் ஒரு தரிசு வகை. ஆடு, மாடு, கௌதாரி, முயல், முள்ளெலி, வானம்பாடி எல்லாம் குடியிருக்கிற இடத்தை ஆளில்லாத வீடு என்று பதிந்து வைப்பது எனக்கு ஆறாத வருத்தம். ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. இந்த வருஷமாவது அந்த எழுத்து மாறட்டும்.

கேள்வி: அக்கா, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டதால் எட்டு ஏக்கர் கொறங்காடு என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. கிளுவை வேலியில் நிறைய இடத்தில் சந்து விழுந்துவிட்டது. ஜேசிபி வைத்து ஒரே நாளில் வேலியைத் தள்ளிவிட்டு, கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– வெள்ளகோவில் பக்கத்து இளைஞர்

பதில்: வேண்டாம் தம்பி. ஜேசிபிக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஒருநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் உங்கள் வேலி ஓரமாக மெதுவாக நடந்து பாருங்கள். கிளுவையோடு சூரைமுள்ளும் சங்கமுள்ளும் பின்னிக் கிடக்கும். அதன்மேல் பிரண்டை, கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி ஏறியிருக்கும். வேலிப்பருத்தி இலையில் வரிவரியாக ஒரு புழு இருந்தால் அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கும் வேலிப்பருத்தியும் இல்லாத ஊரில் அந்தப் பூச்சி முட்டை வைக்க இடம் தேடி அலையும். வேலிக்குள்ளே தவிட்டுக்குருவி கூடு கட்டும், அந்தக் கூட்டில் சுடலைக்குயில் திருட்டு முட்டை வைக்கும். உச்சிக்கொம்பில் கீச்சான் உட்கார்ந்து வெட்டுக்கிளியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடியில் கீரி, சாரைப்பாம்பு, ஓணான். கௌதாரி பகலில் புல்லில் மேய்ந்தாலும் பருந்து நிழல் விழுந்தால் ஓடி ஒளிவது இந்த வேலியில்தான். கம்பிவேலி போட்டால் உங்கள் நிலத்தின் எல்லை பத்திரமாக இருக்கும். நான் சொன்ன அத்தனையும் ஒரே நாளில் வீடிழந்து நிற்கும்.

மேய்ச்சலுக்கும் நஷ்டம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் நம் பக்கம் எப்படி வீசும் என்று உங்களுக்கே தெரியும். கொழுக்கட்டைப்புல்லின் விதை சுணையோடு காற்றில் உருண்டு போகும் விதை. அதை மறித்து நிலத்திலேயே நிறுத்துவது வேலி. வேலிக்கால் ஓரம் புல் எப்போதும் அடர்த்தியாக இருப்பது அதனால்தான். மழைத்தண்ணீரோடு ஓடுகிற மேல்மண்ணையும் வேலிதான் பிடித்து வைக்கிறது.

சந்து விழுந்ததை அடைப்பது பெரிய வேலை இல்லை. கோடையில் கிளுவை இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும். அப்போது நல்ல முற்றின கொம்பாகப் பார்த்து, இடுப்புயரத்துக்கு வெட்டி, சாண் இடைவெளியில் ஆழமாக ஊன்றுங்கள். மழை விழுந்ததும் துளிர்க்கும். வெள்ளாடு துளிரைக் கடித்துவிடும் என்பதால் வேர் பிடித்துக் கெட்டியாகும்வரை முன்பக்கம் வேலமுள் போட்டு வையுங்கள். உங்கள் வேலியிலேயே கொம்பு இருக்கிறது. கூலி மட்டும்தான் செலவு. துருப்பிடித்த கம்பியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கிளுவையைக் கழித்துவிட்டுக்கொண்டே இருந்தால் உங்கள் பேரன் காலத்துக்கும் நிற்கும்.

ரோட்டோரப் பக்கத்துக்கு மட்டும் கம்பி வேண்டும் என்று உங்கள் அப்பா நினைத்தால் போடுங்கள். கிளுவையை எடுக்காமல், அதற்கு உள்பக்கமாகப் போடுங்கள்.

கேள்வி: நாங்கள் கணவன், மனைவி இருவரும் வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்க்கத் தொடங்கியிருக்கிறோம். கொறங்காட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். எப்போது திறந்துவிடுவது, எப்போது அடைப்பது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பறவைகளும் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கும் கெடுதல் வராமல் மேய்க்க முடியுமா?
– பல்லடத்திலிருந்து ஒரு தம்பதி

பதில்: கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். கொறங்காட்டு விவசாயம் என்பதே படலை எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதுதான்.

ஐப்பசி மழை விழுந்ததும் பச்சை கண்ணைப் பறிக்கும். அப்போது ஆட்டை விட்டுவிடாதீர்கள். கொழுக்கட்டைப்புல் ஒருமுறை வேர் பிடித்தால் பல வருஷம் வாழும் புல். கோடையெல்லாம் வேரில் சேமித்ததைச் செலவழித்துத்தான் முதல் துளிரை விடுகிறது. அந்தத் துளிரையே கடித்துவிட்டால் இருப்பும் போய் வரவும் இல்லாமல் தூர் செத்துப்போகும். பூத்து, கதிர் வெளுத்து, விதை உதிரத் தொடங்கும்வரை ஒரு துண்டையாவது அடைத்து வையுங்கள். அதுவரை போன வருஷத்துச் சோளத்தட்டு, வேலி ஓரத் தழை, கொள்ளுக்கொடி என்று சமாளியுங்கள். பிறகு திறக்கும்போது முதலில் மாடு. மாடு நாக்கால் சுழற்றி மேல்புல்லை எடுக்கும். அது முடிந்த பின் செம்மறி. செம்மறி தரையொட்டிக் கடிக்கும் என்பதால் அதைக் கடைசியில் விட்டு, சீக்கிரம் வெளியே எடுத்துவிட வேண்டும். எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், புல்லின் அடித்தூர் வெளியே தெரிய ஆரம்பித்தால் அன்றைக்கே, "படலச் சாத்து கண்ணு, நாளைக்கும் பூமி வேணும்" என்பார். நான்கு விரல் கட்டை தரையில் நிற்கும்போதே சாத்திவிடுவார்.

இனி பறவைகளுக்கு வருகிறேன். கௌதாரி தரையில் கூடு வைக்கும். புல் மறைவு முழங்கால் அளவாவது வேண்டும். காடைக்கும் அப்படியே. மஞ்சள் மூக்கு ஆள்காட்டிக்கு இதற்கு நேர்மாறாக வேண்டும். பங்குனி, சித்திரையில் மொட்டைச் சரளையில், நாலாபுறமும் பார்வைக்குத் தடையில்லாத இடத்தில் முட்டை வைக்கும். முட்டை கூழாங்கல் நிறத்தில் இருக்கும், காலுக்குப் பக்கத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் தலை வானம்பாடி இரண்டுக்கும் நடுவில், புல்தூர் ஓரத்துச் சின்னப் பள்ளத்தில் வைக்கும். ஒரே நிலம் முழுக்க உயரமான புல்லாக இருந்தால் ஆள்காட்டி போய்விடும். முழுக்க மொட்டையாக மேய்த்தால் கௌதாரி போய்விடும். வேலியால் பிரித்த துண்டுகளில் ஒன்று அடைப்பில், ஒன்று பாதி மேய்ச்சலில், ஒன்று மேய்ந்து முடிந்த நிலையில் என்று இருக்கும்போது எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. நம் முன்னோர் பறவைக்காக வேலி போடவில்லை, ஆட்டுக்காகத்தான் போட்டார்கள். ஆனால் அந்த முறையை ஒழுங்காகச் செய்கிறவரை பறவைக்கும் அது போதுமாக இருக்கிறது. அதனால் உங்களுக்கு ஒரே வேண்டுகோள்: நான்கு துண்டையும் ஒரே நேரத்தில் திறந்து போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

குளிர்காலத்தில் புல்லுக்கு மேலே தாழ்வாக, இறக்கையை V எழுத்துப்போல் தூக்கிப் பிடித்து மிதந்து போகும் பருந்து ஒன்றைப் பார்ப்பீர்கள். பூனைப்பருந்து. கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் கூடு கட்டிவிட்டு இத்தனை தூரம் பறந்து வருகிறது. இங்கே அதற்கு முக்கியமான இரை வெட்டுக்கிளி. இரவில் மரத்தில் அடையாமல் புல்லுக்குள் தரையில்தான் அடையும். மார்கழி, தையில் உங்கள் நிலத்தில் அவை அடையும் துண்டு தெரிந்தால் அதற்குள் இரவில் பட்டி போடாதீர்கள், நாயையும் விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி இயற்கை மன்றம் சார்பில் கொறங்காடுகளில் ஆயிரம் மரக்கன்று நட விரும்புகிறோம். வெயிலில் வெறுமையாகக் கிடக்கும் நிலத்தைச் சோலை ஆக்கலாம் அல்லவா?
– ஈரோடு மாணவி

பதில்: உங்கள் மனசு நல்ல மனசு கண்ணு. ஆனால் இந்த நிலத்தில் வேண்டாம்.

கொழுக்கட்டைப்புல் வெயிலில் வளரும் புல். நெருக்கமாக மரம் வைத்தால் அது மறைந்துபோகும். புல் போனால் வெட்டுக்கிளி, அதைத் தின்னும் பனங்காடை, கீச்சான், பூனைப்பருந்து என்று ஒவ்வொன்றாகப் போகும். திறந்தவெளியில் வாழப் பழகின ஆள்காட்டியும் வானம்பாடியும் மரநிழலில் வாழாது. வெள்வேலம் கொறங்காட்டுக்கு ஏற்ற மரமாக இருப்பதற்குக் காரணம் அதன் இலை சிறிசு, குடைபோல் விரிந்தாலும் வெயில் சல்லடையாக உள்ளே விழும். அடியில் புல் நன்றாகவே வளரும். பங்குனி முதல் வைகாசி வரை தரையில் புல் காய்ந்து சருகாகும் நாளில் காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகிறது. தீனி தின்ற செம்மறி இரவில் பட்டியில் அசைபோடும்போது கெட்டியான கொட்டையைத் துப்பிவிடும். பட்டியைக் கூட்டும்போது அந்த விதையைச் சேர்த்து வைப்பார்கள். அது நன்றாக முளைக்கும்.

நட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் கல்லூரி வளாகத்திலும் ஊர்ச் சாலையோரத்திலும் நடுங்கள். கொறங்காட்டுக்கு உதவ நினைத்தால் மழைக்கு முன்னால் மன்றத்தோடு வந்து வேலிக்குக் கிளுவைக் கொம்பு ஊன்றித் தாருங்கள். எந்த விவசாயியும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

கேள்வி: ஆட்டுக்குக் குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ஊசியாகப் போடுகிறோம். மேய்ச்சல் நிலத்தில் சாணமும் புழுக்கையும் மக்காமல் அப்படியே காய்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– தாராபுரம் வாசகர்

பதில்: உண்டு. ஐவர்மெக்டின் வகை மருந்து போட்ட கால்நடையின் சாணத்தில் மருந்து சில நாள் முதல் சில வாரம் வரை வெளியேறிக்கொண்டிருக்கும். அந்தச் சாணத்தில் முட்டையிடும் சாணி வண்டின் புழுக்கள் செத்துப்போகும் அல்லது வளர்ச்சி குன்றும். சாணியை உருட்டிக்கொண்டுபோய் மண்ணுக்குள் புதைப்பது அந்த வண்டுதான். உரத்தை வேருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, மண்ணைத் துளைத்து மழைத்தண்ணீரை இறக்குவது, சாணியில் பெருகும் ஈயைக் குறைப்பது எல்லாம் அதன் வேலை. வண்டு போனால் அதைத் தின்னும் பனங்காடைக்கும் முள்ளெலிக்கும் இரை குறைகிறது.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். புழு வைத்த குட்டி கண் முன்னால் சோகை பிடித்துச் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் மந்தைக்கு மொத்தமாக, நாள்காட்டியைப் பார்த்துப் போடுவதை நிறுத்துங்கள். கால்நடை மருந்தகத்தில் புழுக்கையைக் கொடுத்துப் பரிசோதித்து, தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும், மருத்துவர் சொல்லும் மருந்தைப் போடுங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் புழுவுக்கும் பழகிவிடும். மருந்து போட்ட ஆடுகளை முதல் வாரம் பட்டியிலோ வீட்டுக் கொட்டகையிலோ வைத்துத் தீனி போட்டு, புழுக்கையைக் குப்பைக்குழியில் சேர்த்துவிடுங்கள். துண்டு மாற்றி மேய்த்து நிலத்துக்கு ஓய்வு கொடுத்தாலே புழு குறையும். காய்ந்த தரையில் வெயிலில் அதன் குஞ்சுகள் தாக்குப்பிடிக்காது.

கேள்வி: குழந்தையின் கக்குவான் இருமலுக்கு முள்ளெலி முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். எங்கே கிடைக்கும்?
– கரூர் மாவட்ட வாசகி

பதில்: தேட வேண்டாம் அம்மா. குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கக்குவானுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். நம் பக்கத்து முள்ளெலி வகை தென்னிந்தியாவின் காய்ந்த நிலங்களில் மட்டும் வாழும் உயிர். வேறெங்கும் கிடையாது. இரவில் வந்து வண்டும் புழுவும் தின்றுவிட்டுப் போகும். அதன் முள்ளில் உங்கள் பிள்ளையின் இருமலுக்கு ஒன்றும் இல்லை.

கேள்வி: மயில் தொல்லை தாங்கவில்லை. மக்காச்சோளம், நிலக்கடலை, தக்காளி எதையும் விடுவதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் விதையில் மருந்து கலந்து வைக்கச் சொல்கிறார். உயிர்களைப் பற்றி எழுதுகிற நீங்கள் எங்கள் வயிற்றைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.
– குண்டடம் விவசாயி

பதில்: யோசிக்காமல் இல்லை அண்ணா. என் கொள்ளுக் காட்டிலும் மயில் இறங்குகிறது. நிலக்கடலை விதைத்த மறுநாள் காலையில் சால் முழுக்கக் கிளறிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும்.

ஆனால் விஷம் வைக்காதீர்கள். மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது மூன்று வருஷம் சிறை. அதைவிட, மருந்து கலந்த விதை மயிலுக்கு மட்டும் என்று பார்த்துப் போகாது. கௌதாரி, காடை, புறா, அதைத் தின்ற கீரி, உங்கள் வீட்டுக் கோழி வரைக்கும் போகும்.

இவ்வளவு மயில் ஏன் என்று நான் யோசித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். மயில் முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரி எங்கள் பக்கம் அநேகமாகக் காணாமல் போய்விட்டது. ராத்திரி நரி ஊளை கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் தெரியாது. கவனிப்பாரற்ற நிலமெல்லாம் சீமைக்கருவேலம் மண்டி மயிலுக்கு ஒளிவிடமாகிவிட்டது. போர் போட்டுச் சொட்டுநீர் விட்ட தோட்டம் கோடையிலும் பச்சையாக இருக்கிறது. இதில் நம் கையில் இருப்பது சீமைக்கருவேலத்தை எடுப்பதும், கீரியையும் உடும்பையும் கண்டால் அடிக்காமல் விடுவதும்தான். விதைத்த முதல் இரண்டு வாரமும் காய் முற்றும் நாட்களும்தான் கண்டமான காலம். அந்த நாட்களில் விடிகாலையிலும் சாயங்காலமும் ஆள் காவல் வேண்டும். ஓரச் சால்களில் பழைய சேலையைக் கட்டி மறைத்தால் ஓரளவு தடுக்கும். சேதத்தைப் படம் எடுத்து வனத்துறையிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்தில் கொடுங்கள். எல்லோரும் கொடுத்தால்தான் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு ஒரு கணக்கு இருக்கும்.

கேள்வி: சீமைக்கருவேலத்தை எத்தனை முறை வெட்டினாலும் திரும்ப முளைக்கிறது. வழி என்ன?
– மூலனூர் வாசகர்

பதில்: வெட்டினால் முளைக்கத்தான் செய்யும். அடிமரத்தில் தரைக்குக் கீழே இருக்கும் முண்டிலிருந்து பக்கக் கிளை அடிக்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது முண்டோடு தோண்டி எடுங்கள். சின்னச் செடியாக இருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். பெரிய மரமாக இருந்தால் முதலில் காய் பிடிக்கும் முன் வெட்டி, பிறகு முண்டைத் தோண்டுங்கள். காய் தின்ற ஆடுமாடுதான் விதையைச் சாணத்தோடு கொண்டுபோய்ப் போடுகிறது. அதனால் சீமைக்கருவேலங்காய் தின்ற மந்தையைக் கொறங்காட்டுக்குள் விடும் முன் ஒரு வாரமாவது வெளியே பட்டியில் வையுங்கள். எடுத்த குழியில் உடனே கொழுக்கட்டைப்புல் விதை தூவாவிட்டால் பார்த்தீனியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜேசிபி விட்டு மொத்தமாக வழித்தால் புல்தூரும் சேர்ந்து போய்விடும். நிதானமாக, வருஷத்துக்கு ஒரு துண்டு என்று எடுங்கள்.

கேள்வி: சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று எங்கள் கொறங்காட்டை நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்கிறது. ஆட்டில் வருவதைவிட அதிகம் தருகிறார்கள். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். மனசு ஒப்பவில்லை, கணக்கு ஒப்புகிறது. என்ன செய்வது?
– காங்கேயம் வட்டாரத்திலிருந்து ஒரு தாய்

பதில்: உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். கொடுக்காதீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட என்னால் முடியவில்லை. காங்கேயம் பசு வேளைக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் கறக்கும். ஆட்டுக்குட்டி விற்று, கிடாரி விற்று, காய்ந்த வருஷத்தில் கடன் வாங்கி ஓட்டுகிற குடும்பத்துக்கு மாதா மாதம் கைக்கு வரும் பணம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். புல்வெளியைக் காப்பாற்றுகிற பாரத்தை அதை வைத்திருப்பவர் தலையிலேயே போடுவது நியாயம் இல்லை. மரம் நட்டால் மானியம் உண்டு, சொட்டுநீருக்கு மானியம் உண்டு. புல்லைப் புல்லாக வைத்திருப்பவருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கேட்கிற இடத்தில் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். முழு நிலத்தையும் கொடுக்காதீர்கள். துண்டு துண்டாக இருப்பதில் புல் மெலிந்த, சீமைக்கருவேலம் ஏறிய துண்டு எது என்று பாருங்கள். கொடுத்தால் அதைக் கொடுங்கள். கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தைத் தனியாக ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், கம்பெனி அழைத்து வரும் வக்கீல் வேண்டாம். கிளுவை வேலியையும் ஓரத்து வெள்வேலத்தையும் எடுக்கக் கூடாது, மேல்மண்ணை வழிக்கக் கூடாது, களைக்கொல்லி அடிக்கக் கூடாது, தகட்டுக்கு அடியில் வளரும் புல்லைச் செம்மறி மேய விட வேண்டும், காலம் முடிந்ததும் கான்கிரீட் அடித்தளத்தைத் தோண்டி எடுத்துத் தர வேண்டும் என்பதை எல்லாம் எழுத்தில் கேளுங்கள். தகட்டுக்குக் கீழே செம்மறி மேய்ப்பது வெளிநாடுகளில் நடக்கிற காரியம்தான், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஒத்துக்கொள்ளாத கம்பெனி என்றால் உங்கள் மனசு ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது.

நல்ல துண்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். ஆடு போடாவிட்டாலும் மேய்ச்சல் குத்தகைக்கு விடலாம். கல்யாணத்துக்கு என் வாழ்த்து.

கேள்வி: உழுது பாழான இரண்டு ஏக்கரைத் திரும்பக் கொறங்காடு ஆக்க ஆசை. கொழுக்கட்டைப்புல் விதை எங்கே கிடைக்கும்? எப்படி விதைப்பது?
– அரவக்குறிச்சி வாசகர்

பதில்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நீலக் கொழுக்கட்டைப்புல் கோ 1 ரகம் இருக்கிறது. கிடைத்தால் வாங்கலாம். ஆனால் பக்கத்துக் கொறங்காட்டுக்காரரிடம் கேட்டு அங்கேயே விதை உருவுவது மேல். உங்கள் மண்ணுக்கும் மழைக்கும் பழகின புல் அது. கதிர் வெளுத்து, லேசாகத் தொட்டாலே கையோடு வரும் பருவத்தில், காலைப் பனி காய்ந்த பிறகு உருவுங்கள். நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி ஆறு மாதமாவது வையுங்கள். புது விதைக்கு உறக்கம் உண்டு, உடனே போட்டால் முளைக்காது. ஏக்கருக்கு இரண்டரை, மூன்று கிலோ போதும். சுணை இருப்பதால் விதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மணலோடு கலந்து தூவினால் சீராக விழும்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு உழவு ஓட்டி, மழை தொடங்கும் முன் தூவி, முள் கிளையை இழுத்து லேசாக மூடுங்கள். ஆழமாகப் போனால் முளைப்பு வராது. கூடவே கொஞ்சம் நரிப்பயறும் கொள்ளும் தூவுங்கள். மண்ணுக்கும் நல்லது, காடைக்கும் புறாவுக்கும் தீனி. முதல் வருஷம் முழுக்க ஆடுமாடு எதையும் உள்ளே விடாதீர்கள். இரண்டாம் வருஷம் தை பிறந்த பிறகு மாட்டை மட்டும் சில நாள் விடலாம். விதை எடுத்துக்கொடுத்த அந்தப் பக்கத்துக் காட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: கதிர் உருவின துண்டில் மூன்றில் ஒரு பங்குக் கதிரையாவது அப்படியே விட்டுவிட்டு, விதை மண்ணில் விழுந்த பிறகு படலைத் திறக்கச் சொல்லுங்கள்.